மடக்கு சைக்கிளும் சுமைகூலியும்

மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில், மடக்குக் குடை, மடக்குக் கத்தி என்று மடங்கும் பொருள்கள் நம் வீடுகளில் பல உண்டு. மடக்கினால் இடம் மிச்சம். விரித்தால் வேலை நடக்கும். அந்த வரிசையில் இப்போது பெங்களூரில் அடிக்கடி பேசப்படுவது மடக்கு சைக்கிள். வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை ஓட்டிச் செல்லலாம், மடக்கி ரயிலில் ஏற்றலாம், இறங்கிய இடத்தில் விரித்து அலுவலகம் வரை ஓட்டலாம் என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

ஓசூர் சாலையோரம் குடியிருக்கும் நம் சங்க அன்பர்கள் சிலர், "நீங்கள்தான் ஒன்று வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு முறை பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. சைக்கிளைப் பற்றி எனக்கு ஏமாற்றம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஏமாற்றத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஹெப்பகோடியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு முன்பாக வரும் ஊர் இது. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது. ஒரு பக்கம் கணினி நிறுவனங்கள், மறுபக்கம் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்து, வாடகை வீடுகளில் குடியிருந்து, வேலைக்குப் போகும் நம்மவர்கள் இங்கே ஏராளம்.

2025 ஆகஸ்டு 10 அன்று ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. மறுநாள் முதல் பொதுமக்கள் ஏறினார்கள். 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 16 நிலையங்கள். தொடக்கத்தில் 3 ரயில்களே இருந்தமையால் 25 நிமிடத்துக்கு ஒன்று என்று ஓடியது. ரயில்கள் வந்து சேரச் சேர இடைவெளி குறைந்தது. சில்க் போர்டு சந்திப்பில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இந்தத் தடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுப் பயணம் சரியாயிற்று. முனைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. என் வீடு கம்மசந்திரா பக்கம். ஹெப்பகோடி நிலையத்துக்கு இரண்டேகால் கிலோமீட்டர். அலுவலகம் ஜெயநகரில், ஆர்.வி. ரோடு நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் அரசு கட்டணம் வைத்தது. தெருவில் கேட்கும் தொகை வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சிறு தூரத்தை அதிகாரிகள் 'கடைசி மைல்' என்கிறார்கள். காலையில் வீட்டிலிருந்து கிளம்புகிறவனுக்கு அதுதான் முதல் மைல். அந்த மைலுக்காகத்தான் 48,000 ரூபாய் கொடுத்து மடக்கு சைக்கிள் வாங்கினேன்.

தூக்கிப் பார்த்தால் தெரியும் எடை

என்னுடையது 20 அங்குலச் சக்கரம், 8 கியர், அலுமினியச் சட்டம். விவரப் புத்தகத்தில் எடை 12½ கிலோ. விளக்கு, பூட்டு, மட்கார்டு, கேரியர் எல்லாம் சேர்ந்தபின் 14 கிலோவுக்கு மேல் போகிறது. 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்கும் அதிகம். அரிசி மூட்டையை மாதம் ஒரு முறை தோளில் வைத்து வீட்டுக்குள் இறக்கினால் முடிந்தது. இதைத் தோளில் வைக்க முடியாது. ஒரு கையில் தூக்கி, இன்னொரு கையில் பையையும் பிடித்துக்கொண்டு, முழங்காலில் பெடல் இடிக்க, கால்சட்டையில் செயின் எண்ணெய் படாமல் நடக்க வேண்டும். அதுவும் நாளுக்கு இரண்டு முறை. மின்தூக்கி இருக்கிறது. அது முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் உரியது. காலை எட்டரை மணிக்கு அவர்களோடு சைக்கிளை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க எனக்கு மனம் வருவதில்லை.

பத்து பதினைந்து விநாடியில் மடக்கிவிடலாம் என்று கடையில் செய்து காட்டினார்கள். கடைத் தரையில் அது உண்மைதான். நிலைய வாசலில் பையைக் கீழே வைத்து, இருக்கைத் தண்டை இறக்கி, ஹேண்டில் தாழை நெகிழ்த்தி, நடுக் கீலைத் திறந்து, பெடலை மடித்து, பட்டை போட்டுக் கட்டி நிமிர்வதற்குள் ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். மழை நாளென்றால் கையெல்லாம் சேறு.

அடுத்தது சக்கரம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். சக்கரம் பெரிதாக இருந்தால் சிறு குழியின் மேலே ஏறக்குறைய மிதந்து போய்விடும். சிறிதாக இருந்தால் அதே குழிக்குள் இறங்கி, எதிர்க்கரையில் மோதித்தான் ஏறும். அந்த மோதல் முழுவதும் கைக்கும் முதுகுக்கும் வருகிறது. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் 1962-இல் சிறிய சக்கரச் சைக்கிள் ஒன்றை வெளியிட்டார். 'மினி' காருக்கு ரப்பர் வில் அமைத்தவர் அவர். சிறிய சக்கரத்தை நல்ல சாலையில் ஓட்டுவதற்கே அதிர்வு தாங்கும் அமைப்பு வேண்டும் என்று சொல்லி, சைக்கிளுக்கும் ரப்பர் வில் வைத்தார். இன்று விற்கும் மடக்கு சைக்கிள்களில் பலவற்றில் அது கிடையாது. ஓசூர் சாலையின் சர்வீஸ் ரோட்டில் மழைக்குப் பிறகு ஓட்டுபவர்களுக்கு மோல்டன் ஏன் அப்படிச் செய்தார் என்பது உடனே விளங்கிவிடும்.

மூன்றாம் மாதம் நடுக் கீலில் 'கிறீச்' என்ற சத்தம் வந்தது. வாங்கிய கடை ஊரின் மறு கோடியில். கொண்டுபோய் விட்டால், தாழுக்கு உதிரிப் பாகம் வர மூன்று வாரம் என்றார்கள். இதற்கிடையில் ஒரு பஞ்சர். எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டுபவர் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர், கைராசிக்காரர். அவரிடம் கொண்டுபோனேன். சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இதுல கை வெக்க எனக்கே பயமா இருக்குது. டயர் பசங்க சைக்கிள் அளவு, அது கெடைக்கும். ஆனா வால்வு ஒல்லியா இருக்குது பாருங்க, நம்ம பம்பு இதுல நிக்காது. பெரிய சைக்கிள்னா கண்ண மூடிக்கிட்டு பத்து நிமிசத்துல போட்டுத் தந்துடுவேன்."

அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு நமக்குத் தெரியாதது அல்ல. எந்த ஊரிலும், எந்த மரத்தடியிலும், கையில் இருக்கும் சில்லறைக்குள் பழுது பார்த்துக்கொள்ள முடிந்த வாகனம் என்பதால்தான் சைக்கிள் ஏழையின் வாகனமாக இருந்து வந்திருக்கிறது. விலை கூடக் கூட அந்த வசதி குறைகிறது என்றால் அது வேடிக்கையான வளர்ச்சி.

மடக்கினாலும் சைக்கிள் சைக்கிள்தானே

ரயிலில் ஏற்றலாம் என்பதுதான் இதன் முதல் பெருமை. பெங்களூர் மெட்ரோ 2022-இல் மடக்கு சைக்கிளைக் கட்டணமின்றி அனுமதித்தது. நல்ல முடிவு, பாராட்ட வேண்டும். ஆனால் விதியில் உள்ள அளவைப் பாருங்கள்: மடக்கியபின் 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. தடிமன்; எடை 15 கிலோவுக்குள். இது பயணப் பெட்டிக்கு வைத்த அளவு. 20 அங்குலச் சக்கரம் உள்ள சைக்கிள் எதையும் இதற்குள் அடக்க முடியாது. சக்கரமும் டயருமே அரை மீட்டர் ஆகிவிடுகிறது. மடக்கியபின் என் சைக்கிளின் நீளம் 80 செ.மீ. மிகச் சிறிதாக மடிவதற்குப் பெயர்போன லண்டனின் பிராம்ப்டன் சைக்கிளுக்குச் சக்கரம் 16 அங்குலம்தான். அதுவே மடக்கியபின் ஏறத்தாழ 58 செ.மீ. உயரமும் 27 செ.மீ. தடிமனும் இருக்கிறது. அதன் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. ஆக, லட்சம் ரூபாய் கொடுத்தாலும் விதிக்குள் அடங்காது!

நடைமுறையில் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. நான் ஏற்றிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் அது பணியில் இருப்பவர்களின் நல்ல மனத்தால் கிடைப்பது. நல்ல மனத்தை நம்பித் தினசரிப் பயணத்தைத் திட்டமிட முடியாது. ஒருநாள் கூட்டம் அதிகமாகி, விதியைக் காட்டி நிறுத்தினால் நம்மிடம் பதில் இல்லை.

மறு முனையில் இன்னொரு தடை. என் அலுவலகக் கட்டடத்தில் சைக்கிளை மேலே கொண்டுபோக அனுமதி இல்லை. "மடக்கியாச்சே, பெட்டி மாதிரிதானே இருக்கிறது?" என்று கேட்டால் காவலர், "மடக்கினாலும் சைக்கிள் சைக்கிள்தானே சார்" என்கிறார். அவர் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது. கீழே இருசக்கர வாகனங்களோடு நிறுத்தச் சொல்கிறார். அப்படி நிறுத்துவதானால், மடக்குவதற்காக நான் கொடுத்த பணம் எதற்கு?

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே சைக்கிளின் வேலை நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. அதைச் சுமப்பதற்கான விலைதான் மீதி எல்லாம்.

யாருக்காகப் பிறந்தது

மடக்கு சைக்கிளே வீண் என்று நான் சொல்லவில்லை. அது எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் பாராசூட் வீரர்களுக்காக மடக்கு சைக்கிள் செய்தது. விமானத்திலிருந்து குதித்து, எதிரியின் நிலத்தில், எந்த வாகனமும் காத்திராத இடத்தில் இறங்குகிறவன் தன் வாகனத்தைத் தானே சுமந்துதான் ஆக வேண்டும். பிறகு 1970-களில் எண்ணெய் நெருக்கடியின்போது, அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டேவிட் ஹான், பெட்ரோலுக்கு மாற்றாக மடக்கு சைக்கிளை வடிவமைத்தார். 1982-இல் 'டாஹான்' நிறுவனம் தொடங்கியது. அதே எழுபதுகளில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் தம் வீட்டிலேயே ஒன்றை உருவாக்கினார். ஜன்னல் வழியே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரை அதற்கு வைத்தார்.

லண்டனில் அது நன்றாக ஓடுகிறது. அங்கே தெருவில் குழி குறைவு. மடக்கிய சைக்கிளை மேசைக்கடியில் வைத்துக்கொள்ள விடும் அலுவலகங்கள் உண்டு. பழுது பார்க்கத் தெரிந்த கடைகளும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சைக்கிளை வேலை செய்ய வைக்கின்றன. நம் ஊருக்கு வந்திருப்பது சைக்கிள் மட்டுமே.

சைக்கிளுக்குப் பெயர்போன நாடு நெதர்லாந்து. அங்கேயும் மடக்கிய சைக்கிளை ரயிலில் இலவசமாகக் கொண்டுபோகலாம். ஆனாலும் அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் செய்வது வேறு. சாதாரண சைக்கிளில் நிலையத்துக்கு வருகிறார்கள். அங்கே விட்டுவிட்டுக் கைவீசிக்கொண்டு ரயிலேறுகிறார்கள். உத்ரெக்ட் நகர நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இறங்கும் ஊரில் ரயில்வேயின் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். அல்லது இன்னொரு பழைய சைக்கிளை அந்த முனையில் வைத்திருப்பார்கள். சுமக்கும் வேலையை அங்கே நிலையம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இது நமக்கு அந்நியமான ஏற்பாடா? இல்லவே இல்லை. அரக்கோணம், செங்கல்பட்டு ரயிலடிகளில் சைக்கிள் ஸ்டாண்டு இல்லாத காலத்தை நம் தந்தையர் பார்த்ததில்லை. மாதச் சீட்டும் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனும் ஒரே சட்டைப் பையில் இருக்கும். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலிலிருந்து நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறார்களே, அவர்களில் எவரும் வண்டியை மடக்கித் தூக்கிக்கொண்டு வருவதில்லை. விட்டுவிட்டு வர ஓர் இடம் இருந்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் சைக்கிள் விட இடம் இல்லாத குறையை, ஒவ்வொருவரும் தம் காசில், தம் கையில் சுமந்து தீர்த்துக்கொள்ளும் வழிதான் மடக்கு சைக்கிள். பொது வசதியாக இருக்க வேண்டிய ஒன்று தனிமனிதனின் கொள்முதலாக மாறிவிடுகிறது. 48,000 ரூபாய் கொடுக்க முடிந்தவனுக்கே அது இவ்வளவு தொல்லை என்றால், கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வது?

கொடுக்க முடியாதவர்கள்

அவர்கள்தான் ஹெப்பகோடியில் அதிகம். பொம்மசந்திராவின் தையல் ஆலைகளுக்கும் மருந்து ஆலைகளுக்கும் ஷிப்டு முறையில் போகிறவர்கள், மருத்துவமனை ஆயாக்கள், காவலர்கள், அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்யும் பெண்கள். காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில், விளக்கு எரியாத கம்பங்களுக்குக் கீழே, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பவர்கள் அவர்களே. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், மருத்துவமனையில் உதவியாளர் வேலை, தினமும் நிலையத்துக்கு அரைமணி நேரம் நடக்கிறார். "ஏம்மா, சைக்கிள் ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"நல்லா தெரியும் சார். ஸ்கூல்ல கவர்மென்ட் குடுத்த சைக்கிள்ல ரெண்டு வருசம் போனவதான். இங்கயும் தம்பி சைக்கிள் ஒண்ணு சும்மாத்தான் நிக்குது. ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போனா சாயந்தரம் இருக்குமோ இருக்காதோன்னுதான் எடுக்கறதில்ல."

இந்தப் பதில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் கண்டு எழுதியதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அடுத்த பத்தாண்டில் தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு, பிறகு 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும். அப்படிச் சைக்கிளில் படித்து வந்த பெண்கள் பிழைப்புக்காக ஹெப்பகோடி வந்து சேர்ந்தபின் மறுபடியும் நடக்கிறார்கள். ஓட்டத் தெரியும், சைக்கிளும் இருக்கிறது. விடுவதற்கு மட்டும் இடம் இல்லை.

இவர்களுக்கு மடக்கு சைக்கிள் ஒரு தீர்வே அல்ல. பூட்டி விட்டுப் போக ஆறடிக்கு இரண்டடி இடம்தான் தீர்வு.

செய்யக்கூடியவை

இதற்குக் கொள்கை இல்லாமல் இல்லை. வாகனங்களைவிட மனிதர்கள் நகர்வதே முக்கியம் என்று சொல்லி, நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முதலிடம் தந்தது 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை இன்னும் தெளிவானது. நிலையத்தின் இருபுறமும் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்கு இணைப்புப் பேருந்து, நடைபாதை, சைக்கிள் பாதை ஆகியவற்றுக்கு மாநில அரசு திட்ட அறிக்கையிலேயே உறுதி தர வேண்டும் என்கிறது. மஞ்சள் தடம் அடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு 2014-இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆகையால் இந்தக் கொள்கை தம்மைக் கட்டுப்படுத்தாது என்று யாராவது வாதிடலாம். வாதம் சரியாகவே இருக்கட்டும். 2025-இல் ரயிலேறிய பயணிக்குத் தேவை 2014-இன் தேவையா, இன்றைய தேவையா?

இடம் எங்கே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கார் நிறுத்த ஏறத்தாழ 12 சதுர மீட்டர் வேண்டும். ஒரு சைக்கிளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். மேம்பாதையின் தூண்களுக்கு அருகிலும் நிலையப் படிகளுக்கு அடியிலும் அந்த அளவு இடம் கிடைக்காமல் போகாது. மேலே கூரை, ஓரத்தில் இரும்பு வேலி, டோக்கன் கொடுக்க ஒரு ஆள், ஒரு கேமரா. நாளொன்றுக்கு 5 ரூபாய் வாங்கினாலும் மக்கள் கொடுப்பார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சைக்கிள் ஒன்று ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய். ஹெப்பகோடியில் ஒன்று, ஆர்.வி. ரோட்டில் ஒன்று என்று இரண்டு வாங்கினாலும் 15,000. ஸ்டாண்டு கட்டணம் நாளைக்கு 5 ரூபாய் வீதம் இரண்டுக்கும் சேர்த்து, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 3,000. என் மடக்கு சைக்கிளின் 48,000 ரூபாயில் இரண்டு சைக்கிளும் வாங்கி, பதினோரு ஆண்டு ஸ்டாண்டு கட்டணமும் கட்டிவிடலாம். பஞ்சர் ஒட்டுபவரும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார்.

இரண்டாவது சைக்கிள் வாங்க முடியாதவர்களுக்கு மைசூர் வழிகாட்டியிருக்கிறது. 2017-இல் அங்கே 'ட்ரின் ட்ரின்' என்ற பெயரில் 450 சைக்கிள்களோடு பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கப்பட்டது. ஓர் இடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் விடலாம். நம் மாநிலத்திலேயே, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் நடந்த ஏற்பாடு இது. தூரதேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை.

சைக்கிள் திருட்டுப் போகும், யார் பொறுப்பு என்று சிலர் கேட்கலாம். டோக்கன் கொடுக்கும் ஆள் இருந்தால் திருட்டு குறையும் என்பதை நம் ஊர் ரயிலடிகள் நெடுங்காலமாகக் காட்டிவந்திருக்கின்றன. இந்தக் காலத்தில் யார் சைக்கிளில் வரப்போகிறார்கள் என்று வேறு சிலர் கேட்கலாம். நிலைய வேலிக் கம்பிகளிலும் மரங்களிலும் சங்கிலி போட்டுக் கட்டிய சைக்கிள்களைக் கண்ணுள்ள எவரும் பார்க்கலாம். இடம் இல்லாதபோதே வருகிறவர்கள், இடம் இருந்தால் வரமாட்டார்களா?

ஆகவே, ஓசூர் சாலையோர அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெப்பகோடி, ஹுஸ்கூர் ரோடு, பொம்மசந்திரா ஆகிய மூன்று நிலையங்களிலும் காவலோடு கூடிய சைக்கிள் ஸ்டாண்டு. நிலையத்துக்கு வரும் சர்வீஸ் ரோட்டில் குழி அடைப்பும் எரியும் விளக்கும். மடக்கு சைக்கிளுக்கான அளவு விதியை உண்மையான சைக்கிளின் அளவுக்குத் திருத்துவது. இந்த மூன்றையும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதலாம். கன்னடத்தில் எழுதுவோம். நம் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர்களும், தெலுங்கர்களும், வடக்கிலிருந்து வந்து ஆலைகளில் உழைப்பவர்களும் கையெழுத்திடட்டும். சாலையில் நடப்பவர்களுக்கு மொழி வேறுபாடு கிடையாது. ஒரு பிரதி மெட்ரோ நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி ஹெப்பகோடி நகரசபைக்கு, ஒரு பிரதி சட்டமன்ற உறுப்பினருக்கு. எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

'வாங்கலாமா?' என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். மாடி ஏறத் தெம்பும், அலுவலகத்தில் இடமும், செலவழிக்கப் பணமும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வீட்டில் தூசி படிந்து நிற்கும் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, டியூப் மாற்றி வையுங்கள். அதை விட ஓர் இடம் கேட்டு, விண்ணப்பத்தில் கையெழுத்தும் போடுங்கள்.